ஆங்கிலச் சரித்திர நவீனத்தில் கல்யாணம்

சரித்திர நவீனம் என்றால் போர்க்களமும் கோட்டை மதிலும் சபதமும் சதியாலோசனையும் நிறைந்தது என்று கருதிப் பழகியவர்கள் நாம். 'கல்கி'யின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்தபோது, வந்தியத்தேவனுடைய குறும்பும் குந்தவையின் சாதுரியமும் வாசகரை மகிழ்வித்தன. எனினும் அக்கதையை நடத்திச் செல்வது அரசுரிமைப் போட்டியே. போரும் அரசும் பின்னணியில் ஒதுங்கி நிற்க, ஒரு கல்யாணம் நடக்குமா நடவாதா என்பதையே நடுப்பொருளாகக் கொண்டு, வாசகரைப் புன்முறுவலுடன் இறுதிவரை அழைத்துச் செல்லும் சரித்திர நவீன வகை ஒன்றும் உண்டு. அது இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்தது. நாம் குடியேறி வாழும் பெருநகரங்களின் வாடகை நூல் நிலையங்களில் இவ்வகை நூல்கள் நெடுங்காலம் கைமாறிக் கைமாறித் தேய்ந்திருக்கின்றன. பொழுதுபோக்கு என்று எளிதாகச் சொல்லிவிடப்படும் இக்கதைகளின் அடியில் கடுமையான ஒரு சட்டம் இருக்கிறது. அச்சட்டத்தை அறிந்தால்தான் அந்தச் சிரிப்பின் பொருள் விளங்கும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் லண்டன் மாநகரில் கல்யாணம் செய்துகொள்வது மிக எளிதாக இருந்தது. ஃப்ளீட் என்ற சிறைச்சாலையைச் சுற்றியிருந்த தெருக்களில், கடன்பட்டுச் சிறைப்பட்ட பாதிரிமார்கள் சிலர் கூலி பெற்றுக்கொண்டு யாருக்கும் மணம் முடித்து வைத்தனர். முன்னறிவிப்பு இல்லை, பெற்றோர் சம்மதம் இல்லை, தேதியை முன்பின்னாக எழுதித் தரவும் ஆள் இருந்தது. முதல் மனைவியை மறைத்து மறுமணம் செய்தோரும், சொத்துள்ள சிறு பெண்களை ஏமாற்றி மணந்தோரும் பெருகினர். பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே பெரியோர் கரணம் வகுத்தனர் என்று தொல்காப்பியர் கூறுகிறார் அல்லவா? அதே காரணத்தால் இங்கிலாந்திலும் 1753-இல் ஹார்ட்விக் பிரபுவின் விவாகச் சட்டம் நிறைவேறியது. அது 1754 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது.

இதன்படி மணமக்களின் பெயரை மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களுடைய வட்டாரத்து ஆலயத்தில் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். நம் கிறிஸ்தவக் குடும்பங்களில் 'ஓலை வாசித்தல்' என்று வழங்குவது இதுவே. அவ்வாறு வாசிக்க விரும்பாதோர் பணம் கட்டி உரிமச் சீட்டுப் பெறலாம். விரும்பிய இடத்தில் விரும்பிய வேளையில் மணம் செய்ய வேண்டுமாயின், காண்டர்பரி பேராயரிடம் தனி உரிமம் பெற வேண்டும். இருபத்தொரு வயது நிரம்பாதவர் உரிமச் சீட்டின் மூலம் மணம் புரியத் தந்தையின் சம்மதம் தேவை. விதியை மீறி மணம் செய்து வைக்கும் பாதிரியாருக்குப் பதினான்கு ஆண்டு நாடு கடத்தல் தண்டனை. யூதர்க்கும் குவேக்கர் சமயத்தார்க்கும் விலக்கு அளிக்கப்பட்டது.

ஆனால் இச்சட்டம் ஸ்காட்லாந்தைக் கட்டுப்படுத்தவில்லை. அங்கே இரண்டு சாட்சிகளின் முன்னிலையில் ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டதாகக் கூறினால் போதும்; அது செல்லத்தக்க மணம். ஆணுக்குப் பதினான்கு வயதும் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயதும் நிரம்பியிருந்தால் பெற்றோரைக் கேட்க வேண்டியதில்லை. ஆகவே, எல்லையைக் கடந்ததும் எதிர்ப்படும் கிரெட்னா கிரீன் என்ற சிற்றூர் பெரும்புகழ் பெற்றது. கொல்லனுடைய பட்டறையே மணப்பந்தல், பட்டடைக்கல்லே சாட்சிக்கல். லண்டனிலிருந்து அவ்வூர் 300 மைலுக்கு மேல். நான்கு குதிரை பூட்டிய வண்டியில் காதலர் முன்னே பறக்க, தந்தையார் பின்னே துரத்த, வழியில் குதிரை மாற்றும் சத்திரங்களில் இரு தரப்பாரும் பணத்தை வாரி இறைத்தனர். நம் சங்கப் பாடல்களில் உடன்போக்கு உண்டு. மகளைத் தேடிப் பாலை நிலத்தில் அலையும் செவிலியும் உண்டு. செவிலியின் இடத்தில் கைத்துப்பாக்கி ஏந்திய ஒரு தந்தையை நிறுத்திப் பார்த்தால் கிரெட்னா கிரீன் காட்சி நம் கண்முன் வந்துவிடும்.

இவை நாவலாசிரியரின் கற்பனை என்று நினைக்க வேண்டாம். நியூகாஸில் நகரில் ஜான் ஸ்காட் என்ற இளைஞர், பெஸ்ஸி சர்ட்டீஸ் என்ற வங்கி முதலாளியின் மகளை 1772 நவம்பர் 18 இரவில் ஏணி வைத்துச் சாளரத்தின் வழியே இறக்கி, ஸ்காட்லாந்துக்கு அழைத்துச் சென்று மணந்தார். அந்த வீடு இன்றும் நிற்கிறது. அந்த இளைஞரே பிற்காலத்தில் எல்டன் பிரபுவாகி, இங்கிலாந்தின் நீதித் துறைக்குத் தலைவரான லார்டு சான்ஸலர் பதவியில் கால் நூற்றாண்டு அளவும் வீற்றிருந்தார். 1817-இல் அவருடைய மகள் தந்தை சொல்லை மீறிக் கட்டடக் கலைஞர் ஒருவரை மணந்தபோது, அவர் மூன்று ஆண்டுக் காலம் மகளை மன்னிக்கவில்லை!

மற்றொரு குடும்பத்தின் கதை இதனினும் சுவையானது. 1782-இல் வெஸ்ட்மார்லண்டு பிரபு, ராபர்ட் சைல்டு என்ற பெரும் வங்கியாளரின் ஒரே மகளுடன் கிரெட்னாவுக்கு ஓடினார். துரத்தி வந்த தந்தையின் வண்டியைத் தடுக்கக் குதிரை ஒன்றைச் சுட்டு வீழ்த்தினார்கள் என்பது வழக்கு. சினம் ஆறாத சைல்டு, தம் செல்வம் மருமகனின் பட்டத்துக்குரிய வாரிசிடம் போகாதபடி உயில் எழுதிவைத்தார். அது பேத்தி சாரா சோபியாவை அடைந்தது. அந்தப் பேத்தியே ஜெர்ஸி சீமாட்டி. லண்டனில் உயர்குலத்து இளம் பெண்கள் வரன் தேடி ஆடும் ஆல்மாக்ஸ் என்ற நடன மண்டபத்தில் யாரை அனுமதிக்கலாம், யாரைத் தடுக்கலாம் என்று தீர்ப்பளித்த சீமாட்டிகளுள் ஒருவர் அவர். ஓடிப்போன தாயின் மகள், ஊர்க் கல்யாணங்களுக்கெல்லாம் காவல் நின்றார். 1845-இல் அவருடைய மகளும் கிரெட்னாவுக்கு ஓடினாள்! இறுதியில் 1856-இல், ஸ்காட்லாந்தில் இருபத்தொரு நாள் தங்கியிருந்தால்தான் மணம் செல்லும் என்று சட்டம் செய்து இவ்வோட்டத்தை நிறுத்தியவர் ப்ரூம் பிரபு. அவரும் 1819-இல் எல்லையோர ஊர் ஒன்றில் இரகசியமாக மணம் முடித்தவரே.

இவ்வளவு ஓட்டமும் துரத்தலும் எதற்காக? அக்காலச் சட்டப்படி, மணமான பெண்ணின் பணமும் நகையும் கணவனுடையவை ஆயின. மணத்துக்கு முன்பே வழக்கறிஞர்களைக் கொண்டு பத்திரம் எழுதித் தனியே ஒதுக்கினால்தான் அவளுக்கென்று ஏதேனும் மிஞ்சும். 1870, 1882 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் வரும் வரையில் இதுவே நிலை. 1857-க்கு முன் முழு மணவிலக்குப் பெற நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற வேண்டும். ஆகவே ஒரு பெண் தன் வாழ்நாளில் செய்யக்கூடிய பெரிய தேர்வு ஒன்றே ஒன்று. அதைத் திருப்பி எழுத முடியாது.

அத்தேர்வும் பறிக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு எல்லன் டர்னர் சான்று. 1826 மார்ச்சில், லிவர்பூலில் பள்ளியில் பயின்றுகொண்டிருந்த பதினைந்து வயதுச் சிறுமி அவள். எட்வர்ட் கிப்பன் வேக்ஃபீல்டு என்பவன், தாய்க்கு நோய் என்று பொய் கூறி அவளை வெளியே வரவழைத்தான். பிறகு, தந்தையின் செல்வம் அழிந்துவிட்டது, தன்னை மணந்தால்தான் அவரைக் காப்பாற்ற முடியும் என்று நம்பவைத்து, கிரெட்னாவில் மணந்து, பிரான்ஸுக்கு அழைத்துச் சென்றான். உறவினர் தேடிப்பிடித்து மீட்டனர். மறு ஆண்டில் வேக்ஃபீல்டுக்கு மூன்றாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. நாடாளுமன்றம் அம்மணத்தைச் செல்லாததாக்கியது. எல்லன் பின்னர் வேறொருவரை முறையாக மணந்து, 1831-இல் மகப்பேற்றின்போது பத்தொன்பது வயதில் மறைந்தாள். வேக்ஃபீல்டோ, நியூஸிலாந்துக் குடியேற்றத்தின் முன்னோடி என்று வரலாற்றில் பெயர் பெற்றான். நகைச்சுவைக் காதற்கதை எழுதுவோர் காலடியில் இப்படியொரு மண் இருக்கிறது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

இக்கதைகளுக்கு மிகவும் உகந்த களமாக அமைந்தது 1811 முதல் 1820 வரை நடந்த ரீஜென்ஸி ஆட்சி, அதாவது பதிலாள் ஆட்சி. மன்னர் மூன்றாம் ஜார்ஜ் சித்தம் கலங்கியதால் அவருடைய மகன் பொறுப்பேற்றார். அவருடைய கல்யாணமே ஒரு நவீனம். 1785-இல் அவர் இரகசியமாக ஒரு பெண்மணியை மணந்தார்; அரசரின் சம்மதம் இல்லாமையால் அது செல்லவில்லை. 1795-இல், நாடாளுமன்றம் கடனைத் தீர்க்க வழிசெய்யும் என்பதற்காக, முன்பின் பார்த்திராத இளவரசி கரோலினை மணந்தார். அவர்களுடைய ஒரே மகள் 1817-இல் இறந்தபோது, வாரிசு வேண்டி நடுவயதுத் தம்பிமார் அவசர அவசரமாகப் பெண் தேடினர். அந்த அவசரத்தின் பயனாக 1819-இல் பிறந்தவரே விக்டோரியா மகாராணி.

அக்காலத்திலேயே வாழ்ந்து எழுதியவர் ஜேன் ஆஸ்டின். 1813-இல் வெளிவந்த அவரது 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நவீனத்தில் லிடியா என்ற பெண் ஓடிப்போகிறாள். அவள் கிரெட்னாவுக்குப் போயிருந்தால் குடும்பத்தார் ஓரளவு ஆறுதல் அடைந்திருப்பர். போகவில்லை என்பதே அவர்களை நடுங்கச் செய்கிறது. ஆஸ்டினின் வாசகர்களுக்குச் சட்டம் தெரியும், விளக்க வேண்டியதில்லை. நூறாண்டு கழித்து எழுதியவர்களுக்கு அச்சலுகை இல்லை.

அப்பணியை ஏற்றவர் ஜார்ஜெட் ஹேயர். 1902-இல் பிறந்த அவர், நோயுற்றிருந்த தம்பியை மகிழ்விக்கச் சொன்ன கதையே 1921-இல் அவருடைய முதல் நவீனமாயிற்று. அவரிடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரலாற்று நூல்கள் இருந்தன. வண்டி வகை, உடையின் தையல், பொருள்களின் விலை, அக்காலப் பேச்சுமொழி ஆகியவற்றைக் குறிப்பேடுகளில் தொகுத்து வைத்திருந்தார். 1944-இல் வெளிவந்த 'ஃப்ரைடேஸ் சைல்ட்' கதையில், மணம் செய்தால்தான் தன் சொத்து கைக்கு வரும் என்ற நிலையில் ஓர் இளம் பிரபு, எதிர்ப்பட்ட முதல் பெண்ணையே தனி உரிமம் பெற்று மணந்துவிடுகிறான். 1961-இல் வந்த 'எ சிவில் காண்ட்ராக்ட்' நவீனத்தில், கடனில் மூழ்கிய பிரபு ஒருவன், காதலித்தவளை விட்டு வணிகர் மகளை மணக்கிறான். மெல்ல மெல்ல அவளுடைய அருமையை உணர்கிறான். கதைமுடிச்சுகள் யாவும் சட்டத்திலிருந்தும் கணக்கிலிருந்தும் பிறப்பவை. வேலி எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான், தாண்டுகிறவனைப் பார்த்துச் சிரிக்க முடியும்.

அவர் காணத் தவறியவையும் உண்டு. ஏழை எளியவர் அவர் கதைகளில் பெரும்பாலும் பணியாளராகவே வருகின்றனர். 1950-இல் வந்த 'தி கிராண்ட் சோஃபி'யில் யூத வட்டிக்காரர் ஒருவரை வரைந்த முறை இன்றும் கண்டிக்கப்படுகிறது. அந்த மாளிகைகளின் செல்வம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் அங்கே அதிகம் எழுவதில்லை. 1966-இல் வந்த 'பிளாக் ஷீப்' கதாநாயகன் இந்தியாவில் பொருள் திரட்டித் திரும்பியவன். ஆற்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்துக் கொழுத்த ஆங்கிலேயரைப் பற்றி எட்மண்ட் பர்க் 1785-லேயே நாடாளுமன்றத்தில் இடித்துரைத்தார். ஆற்காட்டுச் சீமையின் வரி அக்கடன்களுக்கு ஈடாக வைக்கப்பட்டது. நம் உழவர் செலுத்திய வரியும் சில ஆங்கிலச் சீமாட்டிகளின் சீதனத்தில் கலந்திருக்கும் என்று நாம் எண்ணுவதில் தவறில்லை.

காலம் மாறியபோது இக்கேள்விக்குப் புதிய எழுத்தும் ஒருவகையில் முகம் கொடுத்தது. ஜூலியா க்வின் 2000-இல் தொடங்கிய 'பிரிட்ஜர்டன்' நவீன வரிசை, 2020 முதல் திரைத்தொடராக வந்தது. 2022-இல் வெளியான இரண்டாம் பகுதியில் கதாநாயகி இந்தியப் பெண். தன் தந்தையை அவள் 'அப்பா' என்றே குறிப்பிடுகிறாள்; மணத்துக்கு முன் மஞ்சள் பூசும் சடங்கும் நடக்கிறது. சரித்திரப்படி இது கற்பனைதான். ஆயினும் வேற்றூரில் வாழும் நமக்கு அந்த ஒரு சொல் காதில் விழும்போது உண்டாகும் மகிழ்ச்சி கற்பனையன்று.

இவ்வகை எழுத்தால் என்ன பயன் என்று கேட்போருக்கு ஒரு செய்தி. ருமேனியாவில் அரசியல் கைதியாக நெடுங்காலம் சிறையில் வாடிய ஒரு பெண்மணி, 'ஃப்ரைடேஸ் சைல்ட்' கதையைத் தம்முடன் அடைபட்டிருந்த பெண்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லி அனைவரும் மனம் தளராதிருக்கச் செய்ததாக ஹேயருக்குக் கடிதம் எழுதினார். கதவு பூட்டப்பட்ட இடத்தில், தான் விரும்பியதைத் தேர்ந்து இறுதியில் வெல்லும் பெண்ணின் கதை வெறும் விளையாட்டாக இருக்க முடியாது.

நம் மண்ணிலும் இத்தகைய கதைக்கு விதை இருக்கிறது. வேலூருக்கு அருகே விரிஞ்சிபுரம் கோயிலில் 1425-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. படைவீட்டு ராஜ்யத்து அந்தணர்களாகிய தமிழர், கன்னடியர், தெலுங்கர், லாடர் ஆகிய நான்கு திறத்தாரும் கூடி, இனிப் பெண்ணைக் கன்னியாதானமாகவே கொடுப்பது, பொன் வாங்கியும் பொன் கொடுத்தும் மணம் முடிப்போர் தண்டனைக்கு உரியவர் என்று உடன்பட்டுக் கையெழுத்திட்டனர். ஒரு விதி பிறந்தால் அதைச் சுற்றி ஓர் ஏய்ப்பும், ஏய்ப்பைச் சுற்றி ஒரு காதலும் பிறவாமல் இருக்குமா? நான்கு மொழியினர் கூடி வாழ்ந்த அவ்வூர்க் கல்யாண வீட்டு அமளியை, நான்கு மொழிகளுக்கு நடுவே குடித்தனம் நடத்தும் நம்மவர் ஒருவர் எழுதினால் அது நன்கு அமையும்.