தொலைத்தொடர்புச் சேவைக் குறைபாட்டு வழக்குகள் (இந்தியா)

தொலைபேசி, கைபேசி, அகன்ற அலைவரிசை இணையம் ஆகிய சேவைகளைக் கட்டணம் செலுத்திப் பெறுபவர், அச்சேவை ஒப்புக்கொண்டபடி கிடைக்காதபோது இழப்பீடு கோரி நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் நிறுவனத்தின் மீது தொடுக்கும் வழக்குகள் தொலைத்தொடர்புச் சேவைக் குறைபாட்டு வழக்குகள் எனப்படுகின்றன. இங்கிலாந்திலும் சிங்கப்பூரிலும் சிறு தொகை வழக்குகளுக்கெனத் தனி நீதிமன்ற முறைகள் உண்டு. இந்தியாவில் அந்த வேலையைப் பெரும்பாலும் மாவட்ட நுகர்வோர் ஆணையங்களே செய்கின்றன. வழக்கறிஞர் இல்லாமல் தானே வாதாடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான சேவைகளுக்கு மனுக் கட்டணமும் இல்லை. எனினும் 2009 முதல் 2022 வரை இந்த வழக்குகளை ஆணையங்கள் விசாரிக்கலாமா என்பதே தீராத சட்டச் சிக்கலாக இருந்தது.

வரலாறு

1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தபின், தவறான தொலைபேசிப் பில், காரணமற்ற இணைப்புத் துண்டிப்பு போன்ற புகார்களை நுகர்வோர் மன்றங்கள் (இன்றைய ஆணையங்கள்) விசாரித்து வந்தன. அப்போது தொலைபேசிக்கும் பொருந்திய 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டத்தின் 7பி பிரிவு வேறொன்று சொன்னது. தந்திக் கருவி, இணைப்பு தொடர்பாகத் தந்தி அதிகாரத்துக்கும் சந்தாதாரருக்கும் எழும் தகராறுகளை மத்திய அரசு நியமிக்கும் நடுவரே தீர்க்க வேண்டும். அவர் முடிவை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது.

கேரளத்தில் பில் கட்டாததற்காக இணைப்புத் துண்டிக்கப்பட்ட ஒரு சந்தாதாரரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 7பி என்ற சிறப்பு வழி இருக்கும்போது பொதுச் சட்டமான நுகர்வோர் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுக்க முடியாது என்று 2009 செப்டம்பர் 1 அன்று தீர்ப்பு வந்தது. அரசுத் துறை சார்ந்த அந்தத் தீர்ப்பை அதன்பின் தனியார் நிறுவனங்களும் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்காட்டத் தொடங்கின. தனியார் நிறுவனம் ‘தந்தி அதிகாரம்’ ஆகாது, எனவே 7பி அதற்குப் பொருந்தாது என்று தொலைத்தொடர்புத் துறை 2014 ஜனவரியில் விளக்கம் அளித்தது. சில ஆணையங்கள் அதை ஏற்று விசாரித்தன. சில, 2009 தீர்ப்பைக் காட்டி மனுக்களைத் திருப்பின.

இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டியது அகமதாபாத்திலிருந்து வந்த வழக்கு. மாத வாடகை 249 ரூபாய், சராசரி பில் 555 ரூபாய் என்றிருந்த ஒரு போஸ்ட்பெய்டு வாடிக்கையாளருக்கு, 2013 நவம்பர் 8 முதல் டிசம்பர் 7 வரையிலான காலத்துக்கு 24,609 ரூபாய் 51 பைசா பில் வந்தது. அவர் 2014இல் மாவட்ட மன்றத்தை நாடினார். இந்த வழக்கை விசாரிக்க மன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்ற நிறுவனத்தின் ஆட்சேபம் படிப்படியாக மேலே சென்றது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் டி.ஒய். சந்திரசூட், சூர்ய காந்த், விக்ரம் நாத் அமர்வு 2022 பிப்ரவரி 16 அன்று அதை நிராகரித்தது. நுகர்வோர் சட்டம் பிற சட்டங்களோடு கூடுதலாக நிற்பது. 7பி பிரிவு இருப்பதாலேயே ஆணையத்தின் அதிகாரம் பறிபோகாது. ‘சேவை’ என்பதன் வரையறையில் தொலைத்தொடர்பு பெயர் சொல்லிக் குறிப்பிடப்படாவிட்டாலும் அது அதற்குள் அடங்கும் என்பது தீர்ப்பின் சாரம்.

சட்ட அடிப்படை

2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘சேவை’ வரையறையில் தொலைத்தொடர்பை வெளிப்படையாகவே சேர்த்துவிட்டது. சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ இருக்க வேண்டிய தரத்தில் உள்ள எந்தக் குறையும் ‘சேவைக் குறைபாடு’ ஆகும். ப்ரீபெய்டு வாடிக்கையாளர் செய்யும் ரீசார்ஜும் கட்டணமே என்பதால் அவரும் நுகர்வோரே. வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவர் நுகர்வோர் ஆகமாட்டார்; சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவோருக்கு இதில் விலக்கு உண்டு. வீட்டிலிருந்து தையல் கடை நடத்துபவரின் இணைய இணைப்பும் ஒரு பெரிய நிறுவனத்தின் குத்தகை இணைப்பும் இந்த இடத்தில்தான் பிரிகின்றன.

1885 சட்டத்துக்கு மாற்றாக இயற்றப்பட்ட 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், பயனர் குறைகளைப் பதிவுசெய்ய நிறுவனங்கள் இணையவழி ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. நுகர்வோர் சட்டத்தின் கீழ் நிவாரணம் தேடும் உரிமை பாதிக்கப்படாது என்றும் அதன் 30ஆம் பிரிவு தெளிவுபடுத்துகிறது.

ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகார்களைத் தீர்ப்பதில்லை. நிறுவனங்களுக்கும் உரிமம் வழங்கும் அரசுக்கும் இடையிலான தகராறுகளைத் தீர்க்கும் டிடிசாட் தீர்ப்பாயமும் தனி நுகர்வோரின் புகாரை எடுத்துக்கொள்ளாது. டிராய்ச் சட்டத்தின் 14ஆம் பிரிவே அதை நுகர்வோர் ஆணையத்துக்கென ஒதுக்கிவைத்துள்ளது.

வழக்குக்கு முந்தைய படிகள்

டிராய் 2012இல் வெளியிட்ட ஒழுங்குமுறைகளின்படி நிறுவனத்துக்குள்ளேயே இரண்டடுக்குப் புகார் முறை உண்டு. முதலில் 198 என்ற எண்ணிலோ செயலியிலோ புகார் செய்ய வேண்டும். ஒவ்வொரு புகாருக்கும் டாக்கெட் எண் தரப்பட வேண்டும். தீர்வு கிடைக்காவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ முப்பது நாட்களுக்குள் மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்லலாம். அவர் 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். நுகர்வோர் விவகாரத் துறையின் 1915 உதவி எண்ணிலும் புகார் பதியலாம். அது சமரசத்துக்கான வழியே தவிர, ஆணை பிறப்பிக்கும் இடம் அன்று.

இந்தப் படிகளை முடித்தால்தான் ஆணையத்துக்கு வர முடியும் என்று நுகர்வோர் சட்டம் நிபந்தனை விதிக்கவில்லை. வக்கீல் நோட்டீஸும் கட்டாயமில்லை. ஆனால் நிறுவனத்துக்குச் சரிசெய்ய வாய்ப்புத் தரப்பட்டது என்பதைக் காட்ட இவை உதவுவதால் பெரும்பாலான மனுக்களில் இவை இடம்பெறுகின்றன.

மனுத் தாக்கல்

செலுத்திய கட்டணத்தை வைத்தே எந்த ஆணையம் என்பது முடிவாகிறது. கேட்கும் இழப்பீட்டுத் தொகையை வைத்து அல்ல. 2021 டிசம்பர் இறுதியில் வந்த விதிகளின்படி ஐம்பது லட்சம் வரை மாவட்ட ஆணையம், இரண்டு கோடி வரை மாநில ஆணையம், அதற்கு மேல் தேசிய ஆணையம். மாதம் சில நூறு ரூபாய் கட்டும் தொலைத்தொடர்பு வாடிக்கையாளரின் வழக்கு இதனால் மாவட்ட ஆணையத்துக்கே போகும். மனுக் கட்டணமும் வராது.

மனுதாரர் வசிக்கும் அல்லது வேலை செய்யும் ஊரிலேயே வழக்குத் தொடுக்க 2019 சட்டம் வழிசெய்தது. முன்பு எதிர்த்தரப்பின் அலுவலகம் அல்லது கிளை இருக்கும் இடம், வழக்குக்கான காரணம் எழுந்த இடம் ஆகியவையே கணக்கில் வந்தன. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்; தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம். இணையவழித் தாக்கலுக்கு 2020 செப்டம்பரில் இ-தாக்கில் தளம் தொடங்கியது; அதன் இடத்தில் 2025 ஜனவரியில் இ-ஜாக்ரிதி தளம் வந்தது.

மனுவில் தரப்பினர் விவரம், நடந்தவற்றின் தேதிவாரிச் சுருக்கம், கோரும் நிவாரணம், பிரமாணப் பத்திரம், ஆவணப் பட்டியல் ஆகியவை இருக்கும். இணைப்பை உள்ளூர் கேபிள் ஆபரேட்டர் தந்து பில்லை நிறுவனம் அனுப்பும் இடங்களில் இருவரையும் எதிர்மனுதாரராகச் சேர்ப்பது வழக்கம். இல்லையெனில் ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்பிக்க வழியாகும்.

சான்றுகள்

இவ்வழக்குகளில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஆவணங்களே. பில்கள், ரீசார்ஜ் ரசீதுகள், டாக்கெட் எண்கள், மின்னஞ்சல்கள் ஆகியவை அடிப்படை. ஃபைபர் இணைப்பு அறுந்தால் வீட்டில் உள்ள கருவியில் ‘எல்ஓஎஸ்’ என்ற விளக்கு சிவப்பாக மின்னும். அது மின்னிக்கொண்டிருக்கும்போதே “உங்கள் புகார் சரிசெய்யப்பட்டது” என்று குறுஞ்செய்தி வருவது இத்துறையில் அடிக்கடி கேட்கப்படும் புகார். தேதி, நேரம் தெரியும்படி எடுத்த விளக்கின் படமும் அந்தக் குறுஞ்செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டும் சேர்ந்தால், புகாரைத் தீர்க்காமலே மூடியதற்கு அவையே சாட்சி.

வேகக் குறைவைக் காட்ட டிராயின் மைஸ்பீட் செயலியில் பல நாட்கள், பல நேரங்களில் எடுத்த அளவீடுகள் பயன்படும். ஒரே ஓர் அளவீட்டை நிறுவனம் எளிதில் தட்டிக்கழித்துவிடும். 2023 ஜனவரி முதல் குறைந்தது 2 எம்பிபிஎஸ் வேகம் இருந்தால்தான் அகன்ற அலைவரிசை என்று அழைக்க முடியும். கைபேசிச் சேவை எங்கெங்கு கிடைக்கிறது என்று காட்டும் வரைபடங்களை நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது டிராயின் 2024 தர ஒழுங்குமுறைகளில் ஒன்று. வரைபடத்தில் சேவை உண்டு என்று காட்டும் தெருவில் சிக்னல் இல்லை என்றால், நிறுவனத்தின் சொல்லே அதற்கு எதிரான சான்றாகிறது. மின்னணு ஆவணங்களுடன் 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைப்பது பாதுகாப்பானது.

விசாரணை

மனு ஏற்கத்தக்கதா என்பதைச் சாதாரணமாக 21 நாட்களுக்குள் ஆணையம் முடிவு செய்ய வேண்டும். நோட்டீஸ் பெற்ற நிறுவனம் முப்பது நாட்களுக்குள் பதிலுரை தர வேண்டும். மேலும் பதினைந்து நாள் அவகாசம் கிடைக்கலாம். இந்த 45 நாட்களுக்கு மேல் நீட்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020 மார்ச்சில், பழைய சட்டத்தின் இதே போன்ற விதியை ஆராய்ந்து தீர்ப்பளித்தது. நிறுவனம் வராவிட்டால் ஒருதலைப்பட்சமாக ஆணை பிறப்பிக்கப்படும். இருதரப்பும் இசைந்தால் ஆணையத்துடன் இணைந்த சமரச மையத்துக்கு வழக்கு அனுப்பப்படும்.

நிறுவனங்களின் எதிர்வாதங்கள் பெரும்பாலும் சில வகைகளுக்குள் அடங்கும். ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்பு விதி உள்ளது என்பது ஒன்று. அவ்விதி நுகர்வோர் ஆணையத்தின் கதவை அடைக்காது என்பது 2018இல் எம்மார் எம்ஜிஎஃப் வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் உறுதியானது. சிக்னல் என்பது நிலப்பரப்பையும் கட்டடத்தையும் பொறுத்தது, எனவே உத்தரவாதம் இல்லை என்பது இன்னொன்று. இதற்கு விடை, விற்கும்போது நிறுவனம் என்ன சொன்னது என்பதில் இருக்கும். இயற்கைச் சீற்றத்தால் கோபுரம் செயலிழந்தாலோ அரசு ஆணைப்படி இணையம் நிறுத்தப்பட்டாலோ அதை நிறுவனத்தின் குறைபாடாக நிறுவுவது கடினம். விதிமுறையே நியாயமற்றது என்று கேட்க விரும்பினால், ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ பற்றிய புகாரை மாவட்ட ஆணையத்தில் அல்ல, மாநில ஆணையத்திலோ தேசிய ஆணையத்திலோதான் கொடுக்க முடியும்.

நிவாரணமும் நிறைவேற்றமும்

குறைபாட்டைச் சரிசெய்தல், கூடுதலாக வசூலித்த தொகையைத் திருப்புதல், வைப்புத்தொகையை விடுவித்தல், மன உளைச்சலுக்கான இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவற்றுக்கு ஆணையம் உத்தரவிடலாம். நேரடிப் பண இழப்பு பொதுவாகச் சிறியது. மாதம் 700 ரூபாயும் 18 விழுக்காடு வரியும் சேர்த்து 826 ரூபாய் கட்டுபவருக்கு இருபது நாள் இணைப்பு இல்லாவிட்டால், திருப்பிக் கேட்கக்கூடிய கட்டணம் ஏறத்தாழ 551 ரூபாய்தான். எனவே மனுவின் கனம் மன உளைச்சல், வேலை இழப்பு, செலவு ஆகிய தலைப்புகளில் விழுகிறது. அவற்றுக்கும் ஆதாரம் காட்டுபவருக்கே கூடுதல் தொகை கிடைக்க வாய்ப்பு உண்டு.

மாவட்ட ஆணையத்தின் உத்தரவை எதிர்த்து 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். பணம் செலுத்த உத்தரவிடப்பட்டவர் அதில் பாதியைக் கட்டிய பிறகே அது ஏற்கப்படும். தமிழ்நாட்டில் மாநில ஆணையம் சென்னையிலும் அதன் அமர்வு மதுரையிலும் இயங்குகின்றன. உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க 72ஆம் பிரிவு இடம் தருகிறது.

குறைகளும் ஒப்பீடும்

நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் வழக்கை முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அகமதாபாத் வழக்கிலோ, விசாரிக்கலாமா என்ற முதற்கேள்விக்கு இறுதி விடை கிடைக்கவே எட்டு ஆண்டுகள் ஆயின.

வழக்குக்குப் போகாமலே தானாகக் கிடைக்கும் இழப்பீடு இந்தியாவில் மிகக் குறைவு. பாதியில் அறும் ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு ரூபாய், நாளொன்றுக்கு மூன்று ரூபாய் வரை வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்று டிராய் 2015இல் விதித்தது. உச்ச நீதிமன்றம் 2016 மே 11 அன்று அதை ரத்து செய்தது. 2024 ஒழுங்குமுறைகள், ஒரு மாவட்ட அளவில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை நின்றால் போஸ்ட்பெய்டு வாடகையில் கழிவும் ப்ரீபெய்டு கால நீட்டிப்பும் தரச் சொல்கின்றன. ஒரு வீட்டின் இணைப்பு மட்டும் அறுந்தால் இந்த மாவட்ட அளவிலான விதி உதவாது.

இங்கிலாந்தில் 2019 ஏப்ரல் முதல், பெரும்பாலான பெரிய நிறுவனங்கள் சேர்ந்துள்ள திட்டத்தின்படி, வீட்டு இணைப்பு இரண்டு வேலைநாட்களுக்குள் சரியாகாவிட்டால் அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் நிர்ணயித்த தொகை வாடிக்கையாளர் கணக்கில் தானாகவே சேர்கிறது. தொடக்கத்தில் அது நாளுக்கு எட்டு பவுண்டு. அதற்கும் மேலே கட்டணமில்லா குறைகேள் அமைப்பும், 10,000 பவுண்டு வரையிலான சிறு தொகை வழக்கு முறையும் உள்ளன. சிங்கப்பூரின் சிறு கோரிக்கைத் தீர்ப்பாயங்கள் 20,000 டாலர் வரையிலும், இருதரப்பும் சம்மதித்தால் 30,000 டாலர் வரையிலும் விசாரிக்கின்றன; அங்கே வழக்கறிஞர்கள் வாதாட அனுமதி இல்லை. மற்ற இரு நாடுகளோடு ஒப்பிட்டால், வழக்குத் தொடுக்கும் செலவில் இந்திய நுகர்வோர் பின்தங்கியிருக்கவில்லை. இங்கிலாந்து வாடிக்கையாளருக்குக் கேட்காமலே கணக்கில் சேரும் சிறு தொகைக்கு இந்திய வாடிக்கையாளர் பெரும்பாலும் மனு எழுதி, நாள் குறித்து, ஆணையத்தின் முன் நிற்க வேண்டியிருப்பதே வேறுபாடு.