நயினாதீவும் கடல்வழிப் பயணிகளும்

தமிழகத்திலிருந்து சாவகம் சென்ற கலங்கள் இடைவழியில் தங்கிய தீவாக மணிபல்லவத்தை மணிமேகலை காட்டுகின்றது. அத்தீவு நயினாதீவே என்பர் அறிஞர் பலர். சாவகம் நோக்கிப் புறப்பட்ட ஆபுத்திரன், கலம் அங்கு நின்றபோது இறங்கினான். அவன் ஏறிவிட்டான் எனக் கருதிக் கலத்தைச் செலுத்திவிட்டனர். ஆளற்ற தீவில் அவன் உண்ணாதிருந்து உயிர்நீத்தான். மறுபிறப்பிற் சாவகத்து நாகபுரத்தை ஆண்ட புண்ணியராசனாகி, மீண்டும் அங்கு வந்து தன் பழைய என்புகளைக் கண்டான்.

இது காவியக் கதையே. எனினும் அதிலுள்ள பயணியின் அச்சம் கற்பனையன்று. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்ச் சாசனம் இதற்குச் சான்றாகும். கா. இந்திரபாலா 1963இல் ஆராய்ந்து வெளியிட்ட அச்சாசனம், பொலநறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) ஆணையாகும். ஊராத்துறைக்கு வரும் பரதேசிகள் பாதுகாக்கப்படல் வேண்டும் என்கின்றது அது. யானை, குதிரை கொணரும் கலம் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வணிகப்பொருட் கலமாயின் சரிபாதி. படைக்கு வேண்டிய விலங்குகளைக் கொணர்வோர்க்கே சலுகை மிகுதி என்பது நோக்கற்பாலது. ஆதலின் இதனை வெறும் அருளெனக் கொள்ளல் பொருந்தாது.

ஆயினும், கலம் உடைந்தால் முன்னை மன்னர் பொருள் முழுவதையும் கவர்ந்தனர் எனக் காகதீயன் கணபதிதேவனின் மோட்டுப்பள்ளிச் சாசனம் (1244) கூறுவதை எண்ணுமிடத்து, இவ்வாணையின் பெருமை புலனாகும். சிங்கள மன்னன் தமிழில் ஆணையிட்டான். துறையில் வழங்கிய மொழி அதுவே. கரைசேர்ந்த அந்நியனுக்கும் உரிமையுண்டு என்பதே அக்கல் உரைக்கும் வரலாறு.