மணற்பலகையும் மின்பலகையும்

கல்விக் கருவிகள் என்றவுடன் கணிப்பொறியும் மின்திரையுமே நம்மவர் நினைவுக்கு வருகின்றன. அவை யாவும் மேனாட்டார் அறிவின் விளைவு. பெற்றுக்கொள்வது ஒன்றே நமது பங்கு எனக் கருதுவோரும் உளர். சரித்திரம் கூறுவது வேறு. இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் ஒரு காலத்தில் எழுத்தறிந்த முறை, தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடத்து மணலிலிருந்து சென்றதாகும்.

1787-ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் சென்னைக்கு வந்தார். 1789-இல், படைவீரரின் ஆண்பிள்ளைகளுக்காக எழும்பூரில் ஏற்பட்ட அநாதை விடுதிக்குக் கண்காணிப்பாளரானார். ஒரு நாள் அவர் குதிரைமீது செல்கையில், 'மலபார்' பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலைப் பரப்பி விரலால் எழுதக் கண்டார். அக்காலத்து ஐரோப்பியர் தமிழரையும் மலபாரிகள் என்றே அழைத்தனர். அம்முறையைத் தம் விடுதியிலும் புகுத்த அவர் முற்பட்டபோது ஆசிரியர்கள் இணங்கவில்லை. பெல் மனந்தளராது, ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயது மாணவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். முயற்சி வெற்றி பெற்றது.

வெற்றியின் காரணம் யாது? மணலுக்குச் செலவில்லை, பிழையைக் கையால் துடைத்துவிட்டு மறுபடியும் எழுதலாம். ஒவ்வொரு பிள்ளையும் ஒரே சமயத்தில் எழுதுவதால், யார் அறிந்தார், யார் அறியவில்லை என்பது கற்பிப்பவன் கண்ணுக்கு அப்பொழுதே புலப்படும். எழுத்தைப் பார்ப்பதும் சொல்வதும் வரைவதும் ஒருங்கே நிகழும்.

1797-இல் பெல் இதனை லண்டனில் நூலாக வெளியிட்டார். 1798-இல் ஜோசப் லங்காஸ்டர் அந்நகரில் தொடங்கிய பள்ளியிலும் மணல் இடம்பெற்றது. 1811-இல் நிறுவப்பெற்ற தேசியச் சங்கம் 'மதராஸ் முறை'யை நாடெங்கும் பரப்பியது.

நிற்க. பழம்பெருமை பேசுவது மட்டும் நமது நோக்கமன்று. அத்திண்ணைகளில் தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் பெரும்பாலும் இடமில்லை என்பதை மறைத்தல் தகாது. இங்கிலாந்திலும் அம்முறை நிலைக்கவில்லை. அதன் மலிவை மட்டும் கண்டவர்கள், ஓர் ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் எனத் துணிந்தனர். அரைகுறையாய் அறிந்த சிறுவர் பிற சிறுவருக்குக் கற்பிக்க, கல்வி கிளிப்பிள்ளைப் பாடமாயிற்று. 1846-இல் அரசாங்கம் பயிற்சி பெறும் மாணவ ஆசிரியர்களை நியமிக்கும் ஏற்பாட்டை வகுத்தது. நல்ல கருவியும் நல்ல ஆசிரியருக்கு ஈடாகாது என்பதை அந்நாடு பட்டறிந்தது.

எனினும் உலகம் அப்பாடத்தைப் பன்முறை மறந்தது. பள்ளிகளில் புத்தகங்கள் விரைவில் வழக்கொழியும், சலனப் படங்களே கற்பிக்கும் என 1913-இல் எடிசன் கூறினார், புத்தகங்கள் ஒழியவில்லை. பெரு நாட்டில் பிள்ளைகளுக்கு இலட்சக்கணக்கான மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. அங்கு 319 நாட்டுப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஆராய்ச்சி 2012-இல் வெளிவந்தது. கணிதத்திலும் மொழியிலும் பிள்ளைகள் முன்னேறியதற்கு அதில் சான்று கிட்டவில்லை.

ஆகவே நமது தமிழ்ப் பள்ளிகளுக்கு மின்பலகையும் கணினியும் வேண்டா என்பதா? ஒருக்காலும் அன்று! தோட்டத்துப் பிள்ளைக்கு அவை நகரத்துப் பிள்ளையினும் அதிகம் தேவை. ஆனால் கருவி வந்த நாளில் மாலையிட்டுப் படமெடுப்பதோடு பெற்றோரின் கடமை தீர்ந்துவிடாது. ஆசிரியருக்கு அதில் பயிற்சி அளிக்கப்பட்டதா? பிள்ளை வாளாவிருந்து பார்க்கிறதா, தானே எழுதியும் திருத்தியும் கற்கிறதா? பின்தங்கிய பிள்ளையை ஆசிரியர் அன்றைக்கே கண்டுகொள்ள அக்கருவி உதவுகிறதா? பெற்றோர் சங்கக் கூட்டந்தோறும் இம்மூன்றையும் கேட்டல் வேண்டும். மணற்பலகை தன் காலத்தில் பின்னிரண்டையும் செய்தது. விலையுயர்ந்த மின்பலகையிடம் அதனினும் குறைந்ததைப் பெற்று நாம் திருப்தியடையலாகாது.