செயல்வழிக் கற்றல்

செயல்வழிக் கற்றல் என்பது தமிழ்நாட்டின் அரசு, அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளில் 1 முதல் 4 ஆம் வகுப்பு வரை பின்பற்றப்பட்ட ஒரு கற்பித்தல் முறை ஆகும். இம்முறையில் ஆசிரியர் வகுப்பு முழுமைக்கும் ஒரே பாடத்தை நடத்துவதில்லை. ஒவ்வொரு குழந்தையும் அட்டைகளின் துணையுடன் தன் வேகத்தில் கற்கும்.

வரலாறு

ஆந்திரப் பிரதேசத்தின் ரிஷி வேலியில், சிற்றூர்ப் பள்ளிகளுக்காக உருவாக்கப்பட்ட அட்டை முறையே இதற்கு முன்மாதிரி. எம். பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, 2003 இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் இது தொடங்கப்பட்டது. 2007–08 கல்வியாண்டில் மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்டது.

செயற்படும் விதம்

ஒவ்வொரு பாடமும் சிறு படிநிலைகளாகப் பிரிக்கப்பட்டுக் கற்றல் ஏணியாகச் சுவரில் தொங்கவிடப்பட்டது. குழந்தை ஏணியில் தன் இடத்தைக் கண்டறிந்து, அங்குள்ள சின்னத்துக்குரிய அட்டையைத் தட்டிலிருந்து தானே எடுத்து, உரிய குழுவில் அமரும். சில குழுக்களுக்கு ஆசிரியர் உதவுவார். சிலவற்றில் சக மாணவர் உதவுவர். ஒரு குழுவில் குழந்தை தனியே கற்கும். வெவ்வேறு வகுப்பினர் ஒரே அறையில் கலந்து அமர்ந்தனர். ஆசிரியரும் தரையில் பாயில் அமர்ந்தார். சுவரின் அடிப்பகுதியில் இருந்த தாழ்வான கரும்பலகை குழந்தைகளுக்கே உரியது. வருகையையும் குழந்தைகளே பதிந்தனர்.

விடுப்பு எடுத்த குழந்தை, விட்ட அட்டையிலிருந்தே தொடரலாம் என்பது இம்முறையின் பெரும் பயன் எனலாம். விழுப்புரம் மாவட்டத்தில் கிளியனூர் போன்ற ஊர்களைச் சுற்றியுள்ள பகுதிகளிலிருந்து கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு செல்வோர் உண்டு. வழக்கமான வகுப்பில், இரு மாதம் கழித்துத் திரும்பும் பிள்ளைக்குப் பாடம் எட்டாத தொலைவுக்குப் போயிருக்கும்.

தன்வழிக் கற்றலா?

இதனை மாணவர் தாமே வழிநடத்தும் கல்வி என்று அழைப்பது முழுமையாகப் பொருந்தாது. வேகம் மட்டுமே குழந்தையின் கையில் இருந்தது. எதை, எந்த வரிசையில் கற்பது என்பதை ஏணி முன்பே முடிவு செய்துவிட்டது. வாசிப்பில் ஆர்வம் மிக்க குழந்தையும் அடுத்த அட்டைக்கே செல்ல வேண்டும். பாதையையும் மாணவரிடம் விடும் முயற்சியைக் கிளியனூரிலிருந்து புதுச்சேரி செல்லும் திசையிலேயே காணலாம். 1943 இல் அரவிந்தர் ஆசிரமத்தில் தொடங்கிய பள்ளி, பின்னர் 'சுதந்திர முன்னேற்றம்' என்னும் முறையை வளர்த்தெடுத்தது. அது பட்டமோ சான்றிதழோ வழங்குவதில்லை. சான்றிதழே வேலைக்கு வழியாகும் குடும்பங்களுக்கு இது எளிய தேர்வன்று.

பிற்கால மாற்றங்கள்

பதிவேடுகளின் சுமை குறித்து ஆசிரியர்களும், பாடநூலும் வீட்டுப்பாடமும் பின்னுக்குச் சென்றது குறித்துப் பெற்றோரும் குறைகூறினர். 2012–13 இல் முப்பருவ முறை வந்தபோது, இது எளிமையாக்கப்பட்ட வடிவில் தொடர்ந்தது. 2022 இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரிக்கப்பட்டனர். அந்நிலையை முடிவு செய்பவர் ஆசிரியரே.