நாம் கட்டும் நூலக வரி



வீட்டு வரி கட்டிய ரசீது இருந்தால் எடுத்துப் பாருங்கள். வீட்டு வரியோடு 'நூலக வரி' என்று ஒரு சிறு தொகையும் இருக்கும். ரூபாய்க்கு 10 பைசா கணக்கு. "சார், நூலகப் பக்கமே போகாத எங்களுக்கு இந்த வரி எதுக்கு?" என்று ராயக்கோட்டையில் வீடு கட்டிய என் பழைய மாணவர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள், தேர்வு வைக்க மாட்டேன்!

தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் 'தம்பிரான் வணக்கம்'. 1578-இல் கொல்லத்தில் அச்சானது. ஆனால் அச்சு வந்த உடனே புத்தகம் எல்லோர் கைக்கும் வந்துவிடவில்லை. காகிதத்துக்கும் அச்சுக்கூலிக்கும் யார் பணம் போடுவது? முதலில் பாதிரிமார்கள் போட்டார்கள். 1835-இல் அச்சகச் சட்டம் தளர்ந்த பிறகு நம்மவர்களும் அச்சுக்கூடம் வைத்தார்கள். அப்போதும் மடங்களும் ஜமீன்தார்களும் கொடுத்தால்தான் பெரிய நூல்கள் வெளிவரும். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, வாங்குவதாக முன்கூட்டியே பலரிடம் கையொப்பம் பெற்றுத்தான் அச்சுச் செலவைச் சமாளித்தார்.

கையொப்பம் இட்டவர்கள் வசதி உள்ளவர்கள். வசதி இல்லாதவன் எப்படிப் படிப்பது? இதைத் தம் வாழ்நாள் கேள்வியாக எடுத்துக்கொண்டவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். கணக்கு ஆசிரியராக இருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். பயிற்சிக்காக இங்கிலாந்து போனவர், அங்கே சாதாரணத் தொழிலாளியும் நூலகத்துக்கு வருவதைக் கண்டார். திரும்பி வந்து 1928-இல் சென்னை நூலகச் சங்கம் உருவாகக் காரணமாக இருந்தார். 1931-இல் மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். அந்த ஆண்டுதான் ரங்கநாதனின் 'நூலக அறிவியலின் ஐந்து விதிகள்' என்ற ஆங்கில நூலும் வெளிவந்தது.

அவருடைய விடா முயற்சியால் 1948-இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. அப்போது கல்வி அமைச்சர் தி.சு.அவினாசிலிங்கம் செட்டியார். சுதந்திர இந்தியாவில் இப்படி வந்த முதல் சட்டம் இது. நமக்குப் பக்கத்தில் உள்ள கர்நாடகத்தில் 1965-இல்தான் வந்தது. நம்மூர் அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்ததால் ஆரம்பத்திலேயே நமக்கும் அந்தப் பலன் கிடைத்தது. மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு, அதற்கு வருமானமாக வீட்டு வரியோடு நூலக வரி என்று ஏற்பாடு செய்தார்கள்.

இதனால் இன்னொன்றும் நடந்தது. தமிழ்ப் பதிப்பகங்களுக்கு நிச்சயமான வாடிக்கையாளர் ஒருவர் கிடைத்தார். தெரிவாகும் நூலில் 1000 படிகள் வரை நூலகத் துறை வாங்கிய காலம் உண்டு. அதை நம்பியே 1200 படி அச்சிட்ட பதிப்பகங்கள் ஏராளம். கவிதை, வரலாறு, நாட்டுப்புற ஆய்வு என்று கடையில் வேகமாக விற்காத நூல்கள் வெளிவர இது பெரிய துணை. 16 பக்கம் கொண்ட ஒரு பாரத்துக்கு இவ்வளவு என்று அரசு விலை வைத்த காலம் அது.

இதில் குறையும் உண்டு. வாசகனை மறந்து, நூலக ஆணைக்காகவே புத்தகம் போடும் பழக்கமும் வளர்ந்தது. ஆணை தாமதமானால் சிறு பதிப்பாளர் கடனில் மாட்டுவார். இன்று பலர் தேவைக்கேற்ப நூறு, இருநூறு படி மட்டும் அச்சிடுகிறார்கள்.

ஆக, பழைய ஜமீன்தார் இடத்தில் இன்று நிற்பது யார்? வரி கட்டும் நீங்கள்தான். தக்காளி விற்ற காசிலும், ஓசூர் கம்பெனியில் ஷிப்ட் பார்த்த சம்பளத்திலும் கட்டிய வரி எங்கோ ஒரு எழுத்தாளரின் புத்தகமாகி அலமாரியில் இருக்கிறது. பணம் போட்டவர் வந்து பார்க்காவிட்டால் அங்கே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று கேட்பவர் யார்?

நம் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள் அதிகம். பாடப் புத்தகம் தவிர வேறு தமிழ்ப் புத்தகம் இல்லாத வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் நூலகத்தில் படித்துப் படித்து என்னைவிடச் சுத்தமாகத் தமிழ் எழுதியதையும் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலர் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

அதனால் ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அருகில் உள்ள நூலகத்துக்குப் போங்கள். உறுப்பினராகச் சேருங்கள். வேண்டிய புத்தகம் இல்லையென்றால் நூலகரிடம் எழுதிக் கொடுங்கள். வசதி உள்ளவர்கள் 1000 ரூபாய் கட்டிப் புரவலர் ஆகலாம். வெளியூரில் இருப்பவர்களுக்கும் இதே வீட்டுப்பாடம்தான். சேர்ந்தவர்கள் கீழே எழுதுங்கள், வருகைப் பதிவேட்டில் குறித்துக்கொள்கிறேன்.