புல்லட் வண்டியின் முன்கவை

நன்னிலத்துச் சாலையில் புல்லட் மோட்டார் சைக்கிள் ஒன்று வருமானால், ஒலியைக் கொண்டே அதனை இன்னதென்று சொல்லிவிடுவோம். ஆனால் மேடு பள்ளங்களில் அதனை நிலைகுலையாமல் நடத்திச் செல்லும் முன்கவையை நாம் கருதுவதில்லை. பட்டறைகளில் ‘ஃபோர்க்’ எனப்படுவது அதுவே.

தொடக்க கால வண்டிகளுக்கு மிதிவண்டியின் விறைத்த கவையே அமைந்திருந்தது. பின்னர் இரும்புச் சட்டங்களோடு சுருள்வில்லை இணைத்த கர்டர் கவை வந்தது. வில் அதிர்ச்சியை ஏற்கும். ஆயின் ஏற்றதைத் திருப்பித் துள்ளவும் செய்யும். 1935-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம், குழாய்க்குள் குழாய் வழுக்கிச் செல்லும் கவையை ஆர் 12 வண்டியில் அமைத்து, உள்ளே எண்ணெயும் இட்டது. சிறு துளைகளின் வழியே எண்ணெய் மெல்லவே செல்லுமாதலால் வில்லின் துள்ளல் அடங்கிற்று. உலகப் போருக்குப் பின் ஆங்கிலேயரும் இம்முறையைத் தழுவினர். போருக்குப் பின் வந்த புல்லட்டும் அத்தகைய கவையோடுதான் வந்தது.

1955-ஆம் ஆண்டில் ரெட்டிட்ச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூடி என்ஃபீல்டு இந்தியாவை நிறுவின. திருவொற்றியூரில் முதலில் கப்பலில் வந்த உறுப்புகளைப் பூட்டினர். பின்னர் உறுப்புகளையும் இங்கேயே செய்தனர். 1970-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அத்தொழில் அற்றுப்போயிற்று. நம் நாட்டில் அறவில்லை. பழைய வண்டிக்கு உயிரூட்டும் அறிவு நம் பட்டறைகளில் தங்கியதற்கு இதுவே காரணம்.

காவிரிப் படுகையின் ஈரம் இக்கவைக்குப் பகை. குழாயின் குரோமியப் பூச்சு துருவேறிக் குழிவிழும். வயற்சேறு அதன்மீது உலர்ந்து ஒட்டும். குழியும் சேறும் ‘ஆயில் சீல்’ என்னும் ரப்பர் வளையத்தைக் கிழிக்க, எண்ணெய் கசியும். அது வழிந்து பிரேக் கட்டையை நனைக்குமானால், பிடிக்கவேண்டிய நேரத்தில் பிரேக் பிடியாது, உயிருக்கே கேடு.

வளையத்தை மட்டும் மாற்றுவது வீண்செலவு. குழாயை நகத்தால் தடவிக் குழிகளைக் காணவேண்டும். சமதளத்தில் உருட்டி வளைவை அறியவேண்டும். குழிவிழுந்த குழாய்க்குக் கடினக் குரோமியம் பூசிச் சாணைபிடிக்கவேண்டும், வளைந்ததை விலக்கவேண்டும். தேய்ந்த புஷ்களை மாற்றி, இரு கால்களிலும் ஒரே அளவில் எண்ணெய் ஊற்றவேண்டும்.

புதுமை விரும்பிச் சிலர் டிஸ்க் பிரேக் பூட்ட முனைவர். பழைய கவை டிரம் பிரேக்கிற்கென வகுக்கப்பட்டது. அதன் காலில் பிடிப்பான் ஒன்றைப் பற்றவைத்து டிஸ்க் பிரேக்கைத் தொங்கவிடுதல் தகாது. மாற்றுவதாயின், ஒன்றுக்கொன்று பொருந்திய கவை, சக்கரம், பிரேக் ஆகியவற்றை முழுத் தொகுதியாகவே மாற்றுதல் வேண்டும்.

நேயர்களே, பழம்பொருளைப் பேணுதல் என்பது அதனைத் தொடாமல் வைப்பதன்று, கண்டபடி மாற்றுவதுமன்று. எந்த உறுப்பு எதற்காக அங்கே இருக்கிறது என்பதை அறிந்து கைவைப்பதே பேணுதலாகும்.