பெருமூளை வாதமுற்றோரின் உதைபந்தாட்டம்: ஒரு வரலாற்று நோக்கு

ஓர் ஆட்டத்தின் விதிகளை ஆராயுமிடத்து, அவற்றை வகுத்தோர் மனித உடலைப் பற்றிக் கொண்டிருந்த கருத்தையும் நாம் அறியலாம். பெருமூளை வாதமுற்றோர் ஆடும் எழுவர் உதைபந்தாட்டம் இதற்குத் தக்க சான்றாகும்.

வளரும் மூளைக்கு நேரும் சேதத்தால் தசைகளின் கட்டுப்பாடு குன்றுவதே பெருமூளை வாதமாகும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஜோன் லிற்றில் இதனை விரிவாக விளக்கினார். அடுத்த நூற்றாண்டிலே, கடும் பயிற்சி தசையிறுக்கத்தை மிகுவிக்கும் என்ற அச்சம் சிகிச்சையாளரிடையே வேரூன்றியிருந்தது. 1990களிலிருந்து வெளிவந்த ஆய்வுகள் அவ்வச்சம் ஆதாரமற்றதெனக் காட்டின. ஆட்டக்காரரோ அதுவரை காத்திருக்கவில்லை. 1978இல் எடின்பரோவில் நடைபெற்ற சர்வதேசப் போட்டிகளிலும், 1984இல் நியூயோர்க் பராலிம்பிக்கிலும் அவர்கள் களமிறங்கிவிட்டனர்.

இவ்வாட்டம் உடலிடம் வேண்டுவது சிறிதன்று. எதிரெதிர்த் தசைகள் ஒருங்கே சுருங்குவதால், ஒரே தூரத்தைக் கடப்பதற்கு ஏனையோரினும் மிகுந்த சக்தி செலவாகின்றது. உடலின் ஒரு பக்கம் பாதிக்கப்பட்டவர் வலிய காலால் பந்தை உதைக்கும் கணத்தில், உடற்பாரம் முழுவதையும் தாங்குவது நலிந்த காலே என்பது நோக்கற்பாலது. விரைந்தோடித் திடீரென நிற்பதும் திரும்புவதும் சமநிலை குன்றியோருக்குப் பெருஞ்சோதனையாகும்.

விதிகள் இவற்றைக் கருத்திற் கொண்டன. மைதானம் சிறியது, ஒவ்வொரு பாதியும் 30 நிமிடங்கள், ஓவ்சைட் விதி இல்லை, எல்லைக்கோட்டிலிருந்து பந்தை ஒரு கையால் உருட்டிவிடலாம். இவற்றினும் சிறந்தது பிரிவு விதியாகும். 2018 முதல் ஆட்டக்காரர் மூன்று பிரிவினராக வகுக்கப்படுகின்றனர். மிகுந்த பாதிப்புடைய முதற் பிரிவினர் ஒருவரேனும் எப்போதும் களத்தில் நிற்றல் வேண்டும்; குறைந்த பாதிப்புடைய மூன்றாம் பிரிவினர் ஒருவருக்கு மேல் நிற்றலாகாது. முன்னைய விதிகளும் இத்தகையனவே. இதனால் மிக நலிந்தவர் அணிக்கு இன்றியமையாதவராகின்றார். இரக்கத்தால் அளிக்கப்படும் இடம் அன்று இது.

எனினும், உலகளாவிய பரம்பல் போதாதெனக் கூறி, 2015இல் சர்வதேச பராலிம்பிக் குழு அடுத்துவந்த தோக்கியோ போட்டிகளிலிருந்து இவ்வாட்டத்தை நீக்கியது. 2016இல் றியோவில் உக்ரேன் ஈரானை வென்றதே பராலிம்பிக்கில் இறுதி ஆட்டமாயிற்று. 2024 பாரிஸ் போட்டிகளிலும் அது இடம்பெறவில்லை. ஆயினும் ஆட்டம் நின்றுவிடவில்லை. 2022இல் ஸ்பெயினின் சலோ நகரில் மகளிர் உலகக் கிண்ணமும் நடைபெற்றது.

பரம்பலை அளவுகோலாகக் கொள்வது பொருத்தமானதா என நாம் வினவ வேண்டியுள்ளது. இத்தகைய பிள்ளைகளை ஓடவிடாது வீட்டுள் இருத்தும் வழக்கமுள்ள நாடுகளில் அணிகள் தோன்றுவது எங்ஙனம்? பெருமேடையில் ஆட்டம் காணப்படாதவிடத்து, அவ்வழக்கம் மாறுவதுதான் எங்ஙனம்? பரம்பல் குறைவு இவ்வாட்டத்தை நீக்குதற்குரிய காரணமன்று. அதனைப் பேணுதற்குரிய காரணமே என்பது எமது துணிபு.